எதைக் கேளாதிருப்பது

சேலத்திலோ நாமக்கல்லிலோ நகருக்குள் வீட்டுமனை என்றால் பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது. மூலைக்கு மூலை அளந்தாலும் ஐம்பது அடிதான். ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் ரேடியோக்காரருக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பம். 40 மீட்டர் அலைவரிசைக்கு அரை அலை டைபோல் கட்ட ஏறக்குறைய 66 அடி கம்பி வேண்டும். 80 மீட்டருக்கு 130 அடி. 160 மீட்டருக்கு 250 அடியைத் தாண்டும். அதற்குத் தெருவையே வளைத்துப் போட்டால்தான் உண்டு.

ஆனாலும் ஆசை விடுமா? மொட்டை மாடி நடுவே ஒரு பைப்பை நிறுத்தி, கம்பியின் நடுவை அதில் ஏற்றி, இரு கைகளையும் சரிவாக இறக்கி, மிஞ்சிய நுனியை மடித்துத் தொங்கவிட்டால் 40 மீட்டர் வேலை செய்துவிடும். இப்படித் தாழ்வாகக் கட்டிய கம்பி அலையை நேரே மேலே அனுப்புகிறது. அது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி முன்னூறு, நானூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் விழுகிறது. சென்னை, மதுரை, பெங்களூரு எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். பகலுக்கு 40, இரவுக்கு 80. பேச்சுக்குக் குறை இல்லை.

குறை கேட்பதில் இருக்கிறது. பகலில் தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கும் அயனி மண்டலத்தின் டி அடுக்கு, பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடும். தூரத்து நிலையங்கள் மெல்ல எழும்பி வரும். அதே நேரத்தில் தெரு முழுக்க எல்.இ.டி. பல்பு எரியும், இன்வெர்ட்டர் ஓடும், செல்போன் சார்ஜ் ஏறும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கமென்றால் விசைத்தறி மோட்டார்களும் சேர்ந்துகொள்ளும். எல்லாமே ரேடியோவில் இரைச்சலாக வரும். பழகிய கை முதலில் செய்வது ஒன்றுதான்: வீட்டு மெயினை இறக்கிவிட்டு ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டுவது. வரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒன்பதில் நின்ற முள் ஆறுக்கு இறங்கினால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். இறங்காவிட்டால் பக்கத்து வீட்டில்.

அதிகம் கேட்கப் பெரிய ஆன்டெனா வேண்டும் என்று புதியவர் நினைப்பது இயல்பு. அனுப்புவதற்கு நல்லதாக இருக்கும் கம்பி வாங்குவதற்கும் அதே அளவு நல்லது என்று மின்காந்த விதியும் சொல்கிறது. விதி பொய்யில்லை. ஆனால் தாழ்ந்த அலைவரிசையில் இரைச்சலும் அதே கம்பி வழியாகத்தான் வருகிறது. கம்பி பெரிதானால் குரலோடு கூச்சலும் பெருகும். வருவதில் நூறில் ஒரு பங்கையே வாங்கும் மந்தமான கம்பி, இரைச்சலை அதைவிடக் குறைவாக வாங்கினால், அதில்தான் தெளிவாகக் கேட்கும். அப்படியானால் கேட்டல் என்பது வாங்குவதா, விலக்குவதா?

தமிழ் இந்தக் கேள்வியை முன்பே தொட்டிருக்கிறது. திருக்குறளில் கேள்வி 42ஆம் அதிகாரம். சொல்வன்மை வருவதற்குள் 65 ஆகிவிடும். சைவ சித்தாந்தம் ஞானத்தின் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று அடுக்குகிறது. முதற்படியே காதுதான். ஆனால் அதே சித்தாந்தம், அறிவு வெளியிலிருந்து வந்து சேர்வதில்லை, மறைத்திருந்த மலம் நீங்கினால் இருந்தது விளங்கும் என்றும் சொல்கிறது. அதற்கு அது காட்டும் உவமை செம்பில் ஏறிய களிம்பு. ஆன்டெனாக் கம்பியும் செம்புதானே! மழையில் நனைந்து களிம்பேறிய இணைப்பு காற்றில் ஆடும்போது காதில் கரகரக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பற்றவைத்தால் நின்றுவிடும். உவமை இத்தனை நேராகக் கைக்கு வருவது அபூர்வம்.

விலக்குவதைக் கண்ணெதிரே பார்க்க ஒரு லூப் போதும். பி.வி.சி. பைப்பில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம், அதில் சில சுற்று கம்பி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சர். மேசையில் நிறுத்தி மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் பக்கத்து வீட்டுச் சார்ஜரின் இரைச்சல் சட்டென்று அடங்கும். விரலளவு தள்ளினால் மறுபடி வரும். அருகிலுள்ள இரைச்சல் தரையோடு ஒட்டி வருவதால் அந்தக் கோணத்தில் மாட்டிக்கொள்கிறது. வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் குரல் அதில் மாட்டுவதில்லை.

ஊருக்கு வெளியே காடு இருப்பவருக்கு இன்னொரு வழி உண்டு. 1921 டிசம்பரில் அமெரிக்கரான பால் காட்லி, ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரம் போட்டு, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த அமெச்சூர் குறிகளைப் பிடித்தார். அவர் கட்டியது உயர்ந்த கோபுரமில்லை. தரைக்கு அருகே வெகுதூரம் இழுத்த ஒற்றைக் கம்பி, ஹெரால்ட் பெவரேஜ் பெயரால் வழங்குவது. மின்சாரத்தை எளிதில் கடத்தாத வறண்ட, கல்லுப்பட்ட மண்ணில்தான் அது நன்றாக வேலை செய்யும். காவிரியோரம் மோகனூர், பரமத்திவேலூர்த் தோட்டங்களைவிட, வானம் பார்த்த மேட்டுக்காடே அதற்கு ஏற்றது. விவசாயி பெருமூச்சு விடும் மண் இங்கே சீதனம்.

ஆனால் பெவரேஜ் கம்பிக்கு ஒரு திசைதான். ஐரோப்பாவைக் கேட்க வடமேற்கே நீட்டி, அந்தக் கோடியில் ஐந்நூறு ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரை மண்ணில் இறக்கினால், மற்ற திசைகளுக்கு அது ஏறக்குறைய செவிடு. அந்தச் செவிட்டில் எது தொலையும் என்று முன்கூட்டித் தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது, பாரதி பிரசாத் தலைமையில் சென்றிருந்த ஹாம் குழு அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது; தொலைபேசி செத்த தீவுகளிலிருந்து அவர்களின் ரேடியோ செய்தி கொண்டுவந்தது. அது எந்த அலைவரிசையில் வந்தது என்பது இருக்கட்டும். அந்தமான் கிழக்கே இருக்கிறது. வடமேற்கே காது வைத்தவருக்கு அந்தத் திசை இரைச்சலின் கணக்கில்தான் சேரும். களிம்பு எது, செம்பு எது என்பதில் சித்தாந்திக்குச் சந்தேகமில்லை. கம்பி கட்டுபவருக்கு அந்த நிச்சயம் கிடையாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பெவரேஜ் பக்கத்திலேயே எல்லாத் திசையும் கேட்கும் தாழ்ந்த டைபோல் ஒன்றையும் விட்டுவைக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிட்சோடு.

மானாவாரிக் கடலை பிடுங்கிய காடு மார்கழி, தையில் சும்மா கிடக்கும். இரவு நீளம், இடி மின்னல் குறைவு. 80 மீட்டருக்கு அதைவிட நல்ல பருவமில்லை. குச்சி நட்டுக் கம்பியை இழுக்கலாம், ஆடு மாடு இடறாத உயரத்தில். சித்திரையில் கோடை மழை இறங்கி உழவுக்கு டிராக்டர் வருமுன் சுருட்டிவிட வேண்டும்.