பலி, மோதல், பதற்றம்

பலஸ்தீனத்தில் நடப்பவற்றை எமது தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் மூன்று சொற்களில் முடித்துவிடுகின்றன: பலி, மோதல், பதற்றம். 'வான் தாக்குதலில் இத்தனை பேர் பலி' என்று தலைப்பிட்டால் செத்தவர்கள் இருக்கிறார்கள், கொன்றவரைக் காணவில்லை. 2016 மே மாதம் புலத்கொஹுபிட்டியில் மலை சரிந்து தோட்ட லயங்களை மூடியபோதும் இதே சொல்லைத்தான் போட்டார்கள். மலைக்கு நோக்கம் கிடையாது. ஆகவே அங்கே அச்சொல் பொருந்தும். (அந்தச் சரிவில் லயம் கட்டியது யார் என்று கேட்காதவரை.) குண்டு வீசும் விமானத்திலோ ஒரு விமானி இருக்கிறான், அவனுக்குக் கட்டளையிட ஓர் அரசு இருக்கிறது.

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் செயப்பாட்டுவினை படிப்பித்த காலத்தில் பத்திரிகைத் தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதி, எழுவாயைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "சேர், இதுல அடிச்சது யாருன்னே போடலையே" என்றாள். இறப்பர் பால் வெட்டும் தாயின் மகள். ஊடகவியல் கற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அந்தப் பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டது.

சப்ரகமுவவில் வாழும் எவருக்கும் இந்தச் சொற்கள் பழக்கமானவை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். அவர்களில் பலர் வவுனியாப் பக்கம் ஓடிப் போனார்கள். அதற்கு நாம் இன்றும் வைத்திருக்கும் பெயர் 'கலவரம்'. 2001 மே மாதத் தொடக்கத்தில் மாவனல்லையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதை 'இரு சமூகங்களுக்கிடையிலான மோதல்' என்று சொல்வோர் இப்போதும் உண்டு. எரிந்த கடைகளின் சொந்தக்காரர்களை எண்ணிப் பார்த்தால் அந்த 'இரு' எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

இவற்றையெல்லாம் விஞ்சியது 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே வந்த சொல். இந்த மலைகளிலேயே பிறந்து வளர்ந்து, கடலைக்கூடக் கண்டிராதவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கினார்கள். அவர்களுக்கு வைக்கப்பட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஒருநாளும் போயிராத இடத்துக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும்? அகராதியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரு நாடுகடத்தலே அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோயிற்று.

பலஸ்தீனத்தில் இவ்வாறு மறைந்துபோவது 'ஆக்கிரமிப்பு' என்ற சொல். 1967 ஜூன் யுத்தத்தில் மேற்குக் கரையும் கிழக்கு ஜெரூசலமும் காஸாவும் இஸ்ரேல் இராணுவத்தின் கைக்கு வந்தன. அவை ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசங்கள் என்பதைச் சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலையில் தனது ஆலோசனைக் கருத்தில் கூறியது. 2024 ஜூலையில் ஒருபடி மேலே சென்று, அங்கு இஸ்ரேல் தொடர்ந்து நிலைகொண்டிருப்பதே சட்டவிரோதமானது என்றது. ஆயினும் 'சர்ச்சைக்குரிய பிரதேசம்' என்று எழுதினால்தான் நடுநிலை என நினைப்போர் உண்டு. பிரித்தானியத் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்து கிரெக் ஃபிலோவும் மைக் பெரியும் 2004இல் நூலொன்று வெளியிட்டார்கள். நாள்தோறும் செய்தி பார்த்து வந்தவர்களில் சிலர், ஆக்கிரமித்திருப்பவர்கள் பலஸ்தீனர்களே என்று நம்பியிருந்ததை அவர்கள் கண்டார்கள். அவர்களுக்கு யாரும் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. கல்லெறியைக் காட்டிவிட்டு, அந்தப் பையனின் தெருவில் கவசவாகனம் ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டாலே போதும்.

"இரு பக்கத்தையும் போடத்தானே வேண்டும்?" என்று ஒரு பத்திரிகை நண்பர் கேட்டார். வேண்டும்தான். இராணுவப் பேச்சாளர் கூறுவதை அவரது கூற்றாகவே போடட்டும். பிறகு அது உண்மையா என்று தேடட்டும். 2022 மே 11ஆம் திகதி ஜெனினில் அல்ஜஸீரா நிருபர் ஷிரீன் அபூ அக்லே சுட்டுக் கொல்லப்பட்டார். பலஸ்தீன ஆயுததாரிகளின் சூடாக இருக்கலாம் என்று இஸ்ரேலியப் பிரதமர் அன்றே சொன்னார். தமது படையினரின் சூடு தவறுதலாகப் பட்டிருப்பதற்கே சாத்தியம் அதிகம் என்று இஸ்ரேல் இராணுவம் ஒப்புக்கொண்டபோது செப்டம்பர் பிறந்திருந்தது. மே மாதக் கூற்றை இரு பக்க நியாயத்துக்காக அச்சிட்டவர்கள் செப்டம்பர்ச் செய்திக்கும் அதே இடத்தைக் கொடுத்தார்களா என்றுதான் நண்பரிடம் நான் திருப்பிக் கேட்டேன்.

இந்த அளவுகோலை எங்கள் பக்கமும் திருப்பியாக வேண்டும். செய்தி வந்தால் விசாரித்தறியப் பணிக்கும் ஸூரா ஹுஜுராத்தின் வசனம் எமது மேடைகளில் ஓதப்படாத நாள் இல்லை. 2014 காஸா யுத்தத்தின்போது சிரியாவில் எடுக்கப்பட்ட படங்கள் காஸாப் படங்களாகப் பரவின. காஸாவில் உண்மையாகவே குழந்தைகள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் வேறொரு நாட்டுக் குழந்தையின் மையித்தைக் கடன் வாங்குவது இரு குழந்தைகளுக்கும் செய்யும் அநீதி. அதுபோலவே 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸும் அதனோடு சேர்ந்தோரும் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் சாதாரண மக்கள். அந்த வாக்கியத்திலும் எழுவாய் இருக்க வேண்டும். அதை எழுதுவதால், அதன் பின்னர் காஸாவில் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டோரின் கணக்கு ஒன்றேனும் குறையப்போவதில்லை.

எமது சஞ்சிகைகள் சிலவற்றில் 'யூதர்கள் குண்டு வீசினர்' என்று எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு 'முஸ்லிம்கள் குண்டு வைத்தார்கள்' என்ற வாக்கியம் இந்த நாட்டில் எங்களை என்ன பாடுபடுத்தியது என்பதை இவ்விதழின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஹாரெட்ஸ் பத்திரிகையின் அமீரா ஹாஸ் ஒரு யூதப் பெண்மணி. 1993இலிருந்து காஸாவிலும் பின்னர் ரமல்லாவிலும் குடியிருந்து, ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் மக்களைப் பற்றித் தன் நாட்டவருக்கே எழுதி வந்தவர். 'யூதர்கள்' என்று எழுதும் எம்மவர் இவரை அந்த எழுவாய்க்குள் எங்கே வைக்கப்போகிறார்கள்?