மாரியம்மாவும் மழைக் கணக்கும்

"இன்ஜினியரிங் படிக்கிறே, இன்னுமா சாமி கும்பிடுறே?" பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத இந்து மாணவர் குறைவு. வீட்டுப் பக்கம் வந்தால் அதே கேள்வி திரும்பி நிற்கும்: "நாலு எழுத்து படிச்சிட்டா சாமி இல்லைன்னு ஆயிடுமா?" கேட்கும் இருவருக்கும் உள்ளே ஒரே எண்ணம்தான். அறிவியல் ஒரு படி ஏறினால் பக்தி ஒரு படி இறங்கணும். இது சரியா?

நான் கேமரன் மலை ரிங்லெட்காரன். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நம்மவர்கள் கூடவே மாரியம்மனையும் கொண்டு வந்தார்கள். அந்த அம்மாவிடம் இரண்டு பெரிய பயங்களை ஒப்படைத்திருந்தார்கள். ஒன்று அம்மை நோய். இன்னொன்று மழை. மாரி என்றாலே மழைதானே.

முதலில் அம்மை. பெரியம்மை கண்டால் "ஆத்தா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகுவார்கள். 1796-லேயே எட்வர்ட் ஜென்னர் தடுப்பு முறையைச் சோதித்துக் காட்டிவிட்டார். ஆனாலும் ஊசி போட்டால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று மறுத்தவர்கள் இந்தியாவில் இருந்தார்கள். அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது பிள்ளைகள். முடிவில் ஊசிதான் ஜெயித்தது. 1980-ல் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனிங்க. நோய் போனது, கோயில் போகவில்லை. நோய்க்குக் காரணம் சொல்வது மட்டும்தான் அம்மனின் வேலை என்றால், அன்றைக்கே கூட்டம் கலைந்திருக்கணும். இன்றும் பிள்ளை பிறந்தால் நன்றி சொல்லவும், மனசு உடைந்தால் அழவும் அங்கேதான் வர்றாங்க. அந்த வேலையை எந்த ஊசியும் செய்யாது.

அடுத்தது மழை. எங்க ஊரில் பெர்த்தாம் ஆற்றைத் தடுத்துக் கட்டியது சுல்தான் அபு பாக்கார் அணை. 2013 அக்டோபர் 23 விடியுமுன், கனமழையில் நீர் ஏறியதால் அணை திறக்கப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது.

இதை விதி என்று சொல்லிவிடலாம். அம்மனின் கோபம் என்றும் சொல்லலாம். ஆனால் கணக்கு வேறு. மேலே மலைச்சரிவுகளை வெட்டினால் மண் ஆற்றில் இறங்கும். அது நீர்த்தேக்கத்தில் வந்து படியும். மண் நிறைந்த அளவுக்குத் தண்ணீருக்கு இடம் குறையும். அதே மழைக்கு நீர்மட்டம் வேகமாக ஏறும். திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து, திறந்தால் கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து. மழை இயற்கை கொடுத்தது. மண் மனிதன் கொடுத்தது.

"எல்லாம் ஆத்தா செயல்" என்று முடித்துவிட்டால் மண்ணை யார் அள்ளுவது? அங்கே பக்தி என்று நாம் சொல்வது, பொறுப்பிலிருந்து நழுவும் வழியாகிவிடும்.

அப்படியானால் கணக்கு மட்டும் போதுமா? மண் எத்தனை கன மீட்டர் என்று கணக்கு சொல்லும். கீழே தூங்குகிறவன் உயிர் என் உயிர் மாதிரி என்று அது சொல்லாது. எனக்கு அதைச் சொன்னது கோயில். சாமி நம்பிக்கை இல்லாத நண்பர்களுக்கும் அந்த உணர்வு உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்கு அது வேறு வழியில் வந்தது. எனக்கு இந்த வழியில் வந்தது.

ஆகவே என் பதில்: அறிவியலும் பக்தியும் ஒரே மனசில் வாழலாம், ஒரு நிபந்தனையோடு. காரணம் தேட வேண்டிய இடத்தில் சாமியை நிறுத்தி வைக்கக் கூடாது. "எல்லாம் வேதத்திலேயே இருக்கு" என்று பெருமை பேசுவதும் அதே தப்புதான். தேடுவதை அதுவும் நிறுத்திவிடுகிறது.

மழையைத் தாய் என்று கும்பிடுகிறோம். அப்படியானால் அவள் ஓடும் ஆற்றில் மண்ணையும் குப்பையையும் கொட்டலாமா? தம்பி தங்கைகளே, அடுத்த திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துத் தூக்குங்க.