பழுது பார்த்தவர்கள்

துருக்கிக்குப் போவது என்றுதான் முதலில் பேச்சு. ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கிராமங்கள் வழியாகப் பழைய நகரங்களைப் பார்த்தபடியே போகவேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. அஃப்ரோடிசியாஸ் என்ற பழைய நகரத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து பிடித்துக்கொண்ட ஆசை அது. 1958-இல் அரா குலேர் என்ற புகைப்படக்காரர் வழி தவறிப் போய், அந்த நகரத்தின் இடிபாடுகள் மேலேயே இருந்த கெய்ரே என்ற கிராமத்தில் இறங்கினார். ரோமானியர் காலத்துத் தூண்களுக்கு நடுவே ஜனங்கள் குடியிருந்தார்கள். தூணின் தலைக்கல்லையே மேசையாக வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். 1961-இல் கெனான் எரிம் என்ற ஆய்வாளர் அங்கே அகழாய்வு தொடங்கி, 1990-இல் கண்மூடும்வரை அந்த ஊருக்கே உழைத்தார். உடைந்து கிடந்த கற்களைச் சேர்த்து மறுபடி நிறுத்திய வாயில் ஒன்றின் அருகிலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒருவர் தன் ஆயுளையே ஓர் ஊரைச் செப்பனிடக் கொடுத்தது என் கணவரின் மனசைத் தொட்டிருந்தது.

அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், துருக்கிக்குப் பதில் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தோம். அம்மா தேறி எழுந்து உட்கார்ந்த பிறகு கொஞ்சம் விடுமுறை மிச்சமிருந்தது. தம்பியின் காரை வாங்கிக்கொண்டு புதுக்கோட்டைச் சாலையில் கிளம்பினோம். பொங்கல் முடிந்த சமயம். கீரனூர் தாண்டியதும் மொட்டைப் பாறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கின.

நார்த்தாமலையில் மேலமலை மீது ஏறினால் விஜயாலய சோழீச்சரம். பெயர் சோழனுடையது, கட்டியவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர், ஒன்பதாம் நூற்றாண்டில். வெளியே சதுரச் சுவர், உள்ளே வட்டமான கருவறை. இந்தப் பக்கத்தில் வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காத அமைப்பு. ஆனால் என்னை நிறுத்திவைத்தது வாசலில், துவாரபாலகர் காலடியில் இருக்கும் கல்வெட்டு. சாத்தன் பூதி எடுத்த கோயில் மழையில் இடிந்து அழிந்ததாகவும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுக்கியதாகவும் அதில் இருக்கிறது.

மல்லன் விடுமன் நினைத்திருந்தால் தன் பெயரை மட்டும் வெட்டியிருக்கலாம். இடிந்து கிடந்ததை எழுப்பியது அவர் பணம், அவர் ஆட்கள். முன்னவர் பெயரை விட்டுவிட்டால் கேட்பாரில்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் கட்டியவரைச் சொல்லி, இடிந்ததையும் மறைக்காமல் சொல்லி, அதற்குப் பிறகுதான் தன்னைச் சொல்கிறார். சாத்தன் பூதியின் பெயர் இந்தக் கோயிலோடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருப்பது அவரால்தான்.

என் கணவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து சுவரின் இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எது பழைய கல்லு, எது அவர் வச்ச கல்லுன்னு பிரிக்கவே முடியல பாரு" என்றார். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நகம் நுழையாது. வெயில் ஏறி, பாறை காலைச் சுட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

அவரை எனக்குப் புரிந்தது. கனடாவில் நாங்கள் வசிக்கும் கர்க்லாண்டில் வாங்கியது பழைய வீடு. ஊரே 1961-இல்தான் நகரமானது. அங்கே பழசு என்றால் அவ்வளவுதான். அந்த வீட்டில் பேஸ்மெண்ட் சுவர் விரிசல் விடும், அடைப்பார். வசந்தத்தில் பனி உருகித் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். யாரையும் கூட்டிப் போய்க் காட்டுகிற வேலை அல்ல இது. வீடு வாங்கியதைச் சொந்தக்காரர்கள் கொண்டாடினார்கள். அதை நிற்கவைத்திருப்பதை ஒருவரும் கேட்டதில்லை. கல்யாணமும் அப்படியே. தாலி கட்டிய நாளுக்கு ஆல்பம் உண்டு. அதன்பின் பேசாமலிருந்த வாரங்களுக்கும், முதலில் பேசத் தொடங்கியவருக்கும் ஆல்பம் கிடையாது. வாழ்க்கையின் பெரும்பகுதி பழுது பார்ப்பதிலேயே போகிறது என்று நான் நினைக்கிறேன். அது குறையல்ல, வாழ்வதே அதுதான்.

நாங்கள் போன சித்தன்னவாசலிலும் ஒரு பழுது பார்த்தவர் இருக்கிறார். தாமரைக் குளத்து ஓவியத்துக்காகத்தான் எல்லோரும் அங்கே போகிறோம். மங்கிப்போன கூரையில் கண் பழக நேரமாகும். பிறகு ஒரு மீன், ஒரு யானை, பூப்பறிக்கும் கை என்று துண்டு துண்டாகத் துலங்கும். பாண்டியன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தச் சமணக் குடைவரையின் அர்த்தமண்டபத்தைப் புதுக்கி, முன்னால் முகமண்டபம் எடுத்தார் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. அவர் எடுத்த முகமண்டபம் இன்று இல்லை. இப்போது முன்னால் நிற்கும் தூண்கள் புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. பழுது பார்த்ததும் பழுதாகும், அதையும் ஒருவர் வந்து பார்க்கவேண்டும்.

கொடும்பாளூரில்தான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம். இருக்குவேளிர் தலைவர் பூதி விக்கிரமகேசரி தனக்கு ஒன்றும், மனைவியர் கற்றளி, வரகுணை பெயரால் இரண்டுமாக எழுப்பிய மூவர் கோயில் அங்கே இருக்கிறது. இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். "இதையும் கட்டி முடிச்சிருக்கலாமேங்க" என்றேன். "எப்படி இருந்துச்சுன்னு தெரியாம கட்டினா அது நம்ம கோயிலா ஆயிடும். அவங்க கோயிலா இருக்காது" என்றார். அவர் சொன்னது சரி. எதிரில் இருப்பவரை நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டுவது செப்பனிடுவது ஆகாது. இத்தனை வருஷம் இவரோடு வாழ்ந்தும் அந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு தெளிவாக யோசித்ததில்லை.

இதே கொடும்பாளூரில்தான் மதுரைக்குப் பாதை மூன்றாகப் பிரிகிறது என்று சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும் ஒரு மறையவர் வழி சொல்கிறார். பொருளை இழந்து, மனைவியையும் நோகடித்துவிட்டு, மிச்சமிருந்த சிலம்பை முதலாக வைத்து வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கப் புறப்பட்டவன் கோவலன். நம் இலக்கியத்தின் பெரிய தம்பதியர் பயணமே உடைந்த இல்வாழ்க்கையைச் சரிசெய்யப் போன பயணம்தான். கண்ணகியின் கோபத்தைப் பேசுகிற அளவுக்கு, ஒரு சொல்லும் குறை சொல்லாமல் அவள் அவனோடு நடந்த அந்த நீண்ட வழியை நாம் பேசுவதில்லை. எனக்கு அந்த நடைதான் பெரிதாகத் தெரிகிறது.

இந்தக் கோயில்களைப் பார்த்துவிட்டு வந்தபின், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சொந்த ஊர்க் கோயில் திருப்பணி என்றால் நாம் தாராளமாகப் பணம் அனுப்புகிறோம். அந்தப் பணத்தில் சில இடங்களில் பழைய கருங்கல்லுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள், கல்வெட்டு இருக்கும் சுவரை டைல்ஸ் ஒட்டி மூடுகிறார்கள், மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று எழுத்துகளைத் தேய்த்துவிடுகிறார்கள். அடுத்த முறை பணம் அனுப்புவதற்கு முன், சுவரில் எழுத்து இருக்கிறதா, அதை என்ன செய்யப்போகிறார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள். திருப்தியான பதில் வரும்வரை பணத்தை அனுப்பாதீர்கள்.