பழகிவிடும் என்ற சொல்

அகதியாய் வந்திறங்கிய நாள் முதல் எங்கள் காதில் அதிகமாக விழுந்த ஆறுதல் ‘பழகிவிடும்’ என்பதுதான். குளிர் பழகிவிடும். மொழி பழகிவிடும். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்வது பழகிவிடும். தனிமையும் பழகிவிடும் தம்பி என்று முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்குச் சொல்கிறார். அவர் அதையே அடுத்து வருபவருக்குச் சொல்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பழகித்தான் விடுகிறது. ஆனால், பழகிவிட்டது என்பதனாலேயே ஒரு காரியம் சரியாகிவிட்டதா? இந்தக் கேள்வியை நாங்கள் எங்களிடம் கேட்டுக்கொள்வது குறைவு. அதை ஒரு மூக்குக்கண்ணாடியை முன்வைத்துக் கேட்டுப்பார்க்கலாம் என்று தோன்றுகிறது. சின்னப் பொருள்தான். ஆனால் பழகுதல் என்றால் என்ன என்பதை உடம்பிலேயே காட்டித்தருகிற பொருள்.

பாரிஸ் குசினிகளில் நிற்கும் எங்களிற் பலர் முப்பதுகளின் கடைசியிலோ நாற்பதுகளின் தொடக்கத்திலோ இருக்கிறோம். ஓடர் துண்டைக் கையை நீட்டிப் பிடித்து வாசிப்பது எங்களுக்குள் ஒரு பகிடியாகிவிட்டது. கண்ணில் பிழையில்லை, கைதான் நீளம் காணாது என்று சொல்லிக்கொள்கிறோம். எங்கள் ஊரில் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். எழுத்து வெளிறிப்போவதை நோயின் பெயராக்கிய சொல் அது. தமிழகத்தில் சாளேசரம் என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் வடக்கத்தி மொழியின் நாற்பது ஒளிந்திருக்கிறதாம். உண்மையில் இது நோயுமல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு இறுகுகிறது. பத்து வயதுப் பிள்ளையின் கண் பத்து டயொப்டருக்கு மேல் தன் வலுவைக் கூட்டிக்கொள்ளும். அறுபது வயதில் அது ஏறத்தாழ ஒன்றாகச் சுருங்கிவிடும். பிறப்பிலேயே தூரப்பார்வை உள்ளவர், அதைத் திருத்தாமல் விட்டிருந்தால், நாற்பதுக்கு முன்னரே தடுமாறத் தொடங்குவார். வதிவிட அட்டையில் 38 என்றிருக்கும். கண் அதைக் கேட்பதில்லை.

தீர்வுகள் மூன்று. வாசிப்பதற்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொண்டு போடுவதும் கழற்றுவதுமாக இருக்கலாம். எண்ணெய்க் கையோடு நிற்பவனுக்கு அது சரிவராது. இரண்டாவது, மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக நடுவில் கோடு போட்ட இரட்டைக் கண்ணாடி. பெஞ்சமின் பிராங்கிளின் தன் இரட்டைக் கண்ணாடியைப் பற்றி 1785 இல் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கோட்டைக் கண் கடக்கும்போது காட்சி துள்ளும். இடைத்தூரத்துக்கு அதில் இடமேயில்லை. மூன்றாவது, கோடில்லாமல் மேலிருந்து கீழாகப் படிப்படியாக வலு கூடும் கண்ணாடி. பிரெஞ்சுப் பொறியியலாளர் பெர்னார் மெத்தெனா உருவாக்கிய இவ்வகை வில்லை ‘வாரிலுக்ஸ்’ என்ற பெயரில் 1959 இல் சந்தைக்கு வந்தது. அதைச் செய்த நிறுவனத்தின் வேர், 1849 இல் பாரிசில் கண்ணாடித் தொழிலாளர்கள் தங்களுக்குள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். இன்று அது உலகின் மிகப் பெரிய கண்ணாடிக் கம்பனிக்குள் கரைந்து கிடக்கிறது. பிரெஞ்சில் இந்த வில்லைக்குப் ‘புரோகிறெசிவ்’ என்று பெயர். அரசியல் கட்டுரைகளில் நாங்கள் முற்போக்கு என்று மொழிபெயர்த்த அதே சொல். முற்போக்குக் கண்ணாடி போட்டும் முன்னால் இருக்கும் படி தெரியவில்லை என்று லாச்சப்பலில் ஒருவர் சொன்னபோது சிரிக்காதவர் இல்லை.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு கணிதம் இருக்கிறது. கண்ணாடியின் மேற்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி கிட்டத்துக்கு, இரண்டையும் இணைத்து நடுவில் ஒடுங்கிய ஓர் ஒழுங்கை. இந்த ஒழுங்கைக்குள்ளால் பார்க்கும்வரை எல்லாம் தெளிவு. இரண்டு பக்கமும் காட்சி குழையும், வளையும். இது தயாரித்தவரின் கவனக்குறைவு அல்ல. ஒழுங்கையின் நீளவாட்டில் வலு எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, பக்கவாட்டில் குழைவு அதன் இருமடங்கு வேகத்தில் வளரும் என்று ஜெர்மன் கணிதவியலாளர் மிங்க்விற்ஸ் 1963 இல் காட்டினார். குழைவை ஓரத்துக்குத் தள்ளி ஒடுக்கலாம், அல்லது மெல்லியதாகப் பரப்பிவிடலாம். இல்லாமற் செய்ய முடியாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் வாங்கக் கிடைப்பது குழைவு இருக்கும் இடத்தில் ஒரு மாற்றம் மட்டுமே. தூரத்தையும் கிட்டத்தையும் ஒரே கண்ணால் பார்க்க விரும்புகிறவர் பக்கத்தில் விலை கொடுத்தே ஆகவேண்டும்.

முதல் நாட்களில் தரை வீங்கும். தலையைத் திருப்பினால் சுவர் நீந்தும். றெஸ்ரோறண்டுகளின் நிலவறைக்கு இறங்கும் படிகள் பெரும்பாலும் ஒடுக்கமும் செங்குத்தும். வெங்காய மூட்டையோடு இறங்கும்போது கண் கீழே போகிறது. கீழே இருப்பது வாசிப்பதற்கான வலு. படி கலங்கி, இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்தில் தெரிகிறது. வயதானவர்களில் இத்தகைய கண்ணாடிகள் ஆழத்தை மதிப்பிடும் திறனைக் குறைக்கின்றன என்று 2002 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றும் சொன்னது. படியில் கண்ணை மட்டும் தாழ்த்தாமல் நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தலையையே தாழ்த்த வேண்டும்; கைபிடியை விடக்கூடாது. பக்கத்தைப் பார்க்கக் கண்ணை உருட்டாமல் முகத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு கிழமைக்குள் அநேகருக்கு இது இயல்பாகிவிடும். பழைய கண்ணாடியையும் புதியதையும் மாறி மாறிப் போட்டால்தான் இழுபடும்.

சரி, பழகிய பின் என்ன நடந்திருக்கிறது? வில்லை மாறவில்லை. குழைவு அதே இடத்தில் இருக்கிறது. மாறியது நாங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் ஸ்ட்ரற்றன் உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லையை எட்டு நாட்கள் அணிந்து பார்த்து 1897 இல் எழுதினார். நாட்கள் போகப் போகக் கையும் காலும் அந்தத் தலைகீழ் உலகில் சரளமாக இயங்கின. கழற்றியபோது, நேராக இருந்த உலகம் கொஞ்ச நேரம் அவருக்கு அந்நியமாகிவிட்டது. மனித மூளையின் பெரிய கெட்டித்தனம் இது. பெரிய ஆபத்தும் இதுவே. கோணலானதைக் கோணல் என்று அறியாமல் அதற்குள் நடந்து திரியும் வல்லமை எங்களுக்கு உண்டு.

ஆகவே பழகுவது நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை. எதற்கும் பழகமாட்டேன் என்று இருந்தவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அடுத்த வருடம் ஊருக்கு என்று இருபது வருடம் பெட்டியை அவிழ்க்காமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். பிள்ளைகள் வளர்ந்ததைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. தூரம் மட்டுமே தெரிந்த கண்கள். இன்னொரு பக்கம், கிட்டத்தை மட்டும் பார்க்கப் பழகி, வீட்டுக்கடன், பிறந்தநாள் மண்டபம், புதுக் கார் என்பவற்றுக்கு அப்பால் எழுத்தெல்லாம் வெளிறிப்போனவர்கள். இரண்டும் வேண்டுமென்றால் விலை உண்டு. அந்த விலை எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் ஒழுக்கம் பற்றிய கேள்வி.

கண்ணாடிக் கடையில் இதற்கு ஒரு பாடம் கிடைக்கிறது. பிரான்சில் 2020 முதல், மேலதிகக் காப்புறுதி உள்ளவருக்கு ‘ஏ’ வகுப்புக் கண்ணாடி கைக்காசு இல்லாமல் கிடைக்கிறது. புரோகிறெசிவ் வில்லையும் அதில் அடக்கம். பிறேம் 30 யூரோவுக்கு மேற்படாது. கடைக்காரர் பெரியவர்களுக்கான 17 மாதிரிகளையாவது காட்ட வேண்டும். ஏழைக்கும் கண் உண்டு என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்வது நல்ல விடயம். ஆனால் காசைவிட முக்கியம் அளவு. ஒவ்வொரு கண்மணியும் மூக்கிலிருந்து எவ்வளவு தூரம், பிறேமுக்குள் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத் தனித்தனியாக அளக்க வேண்டும். அளக்கும்போது நிமிர்ந்து விறைத்து நிற்காமல் வழமையாய் நிற்பதுபோல் நிற்க வேண்டும். உயரம் குறைந்த பிறேமில் ஒழுங்கைக்கு இடம் போதாது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பிசகினாலே தெளிவு வேறிடத்துக்குப் போய்விடும்.

தொழில் தெரிந்த கண்ணாடிக்காரரிடம் போய், இதற்கு என்னால் பழக முடியவில்லை என்று சொல்லிப் பாருங்கள். நீ முயற்சி செய்யவில்லை என்று அவர் சொல்வதில்லை. முதலில் கண்ணாடியை வாங்கி அளவை மறுபடி சரிபார்ப்பார். மூக்குப்பிடியை நெருக்குவார், காதுக்கம்பியை வளைப்பார். அதற்கும் சரிவராவிட்டால் வேறு வில்லை போட்டுத்தரும் கடைகள் பல. பிழை முதலில் அளவில் தேடப்படுகிறது, பிறகுதான் ஆளில். இதை ஒரு தொழில் ஒழுக்கம் என்பதற்கு மேலாக ஓர் அறமாகவே மதிக்கலாம். அகதி விடயத்தில் உலகம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. இங்கே தங்க அனுமதி பெறும் அகதி 2016 முதல் ‘குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தம்’ ஒன்றில் கையெழுத்து வைக்கிறான். மொழி படிப்பது அவனுக்கு நல்லதுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழக முடியாமற் போனவனைப் பற்றிய பேச்சு எப்போதும் அவனிடமே தொடங்கி அவனிடமே முடிகிறது. அளவை ஒருமுறை சரிபார்ப்போம் என்று சொல்ல ஆளில்லை.

அந்த வில்லைக்குள்ளேயே ஓர் அளவு ஒளிந்திருக்கிறது. கிட்டத்துக்கான வலு ஏன் கீழே இருக்கிறது? வாசிக்கிறவன் கதிரையில் இருப்பான், புத்தகம் மடியில் இருக்கும் என்ற எண்ணத்தினால். குசினியிலோ ஓடர் துண்டுகள் கண்ணுக்கு மேலே, கம்பியில் வரிசையாகத் தொங்குகின்றன. எங்கள் கிட்டம் மேலே இருக்கிறது. அதை வாசிக்க நாங்கள் நாடியை உயர்த்திக் கழுத்தை முறிக்க வேண்டும். கூரையில் வயர் இழுக்கும் மின்தொழிலாளிக்கும் மேற்தட்டில் மருந்து தேடுபவருக்கும் இதே கதை. மேலேயும் கிட்டத்துக்கான வலு வைத்த தொழிற் கண்ணாடிகள் செய்ய முடியாதவை அல்ல; செய்யப்பட்டும் இருக்கின்றன. நின்று வேலை செய்பவர் என்று நாங்கள் வாய் திறந்து சொன்னால்தான் அது பற்றிய பேச்சே வரும். சொல்லாவிட்டால் இருந்து வாசிப்பவரின் கண்ணாடி எங்கள் மூக்கில் ஏறும். பிறகு கழுத்து நோவும் பழகிவிடும். மிகச் செலவு குறைந்த தீர்வு, துண்டு தொங்கும் கம்பியை இரண்டு சாண் கீழே இறக்குவது. ஆனால் அதை முதலாளியிடம் கேட்கவேண்டும் என்று தோன்றுவதற்கு, பிழை எங்கள் கழுத்தில் இல்லை என்பது முதலில் விளங்கவேண்டும்.

இதுவரை எங்களுக்கு இழைக்கப்படுவது பற்றியே கதைத்தோம். எங்கள் குழைவுக்குள் நிற்பவர்கள் யார் என்பதையும் கேட்டாகவேண்டும். 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியிலிருந்து வந்த செய்திகளை நாங்கள் எப்படி வாசித்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் ஒவ்வொரு பெயரையும் தேடினோம். பிறகு எண்களை மட்டும் பார்த்தோம். கடைசியில் எண்களும் பழகிவிட்டன. இன்று மத்தியதரைக் கடலில் கவிழும் படகுகளின் செய்தி ஓடும்போது, கடல் கடந்து வந்த நாங்களே சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறோம். எங்கள் குசினியிலேயே பக்கத்தில் நின்று கோப்பை கழுவும் மாலி நாட்டுப் பொடியனுக்குக் கடதாசி இல்லை. நேற்று நாங்கள் நின்ற இடம் அது. அவனுடைய மேலதிக மணித்தியாலங்கள் கணக்கில் விழாமற் போவது எங்கள் கண்ணுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. அதற்குக் காரணமான முதலாளி சிலவேளை தமிழராகவும் இருக்கிறார். எங்கள் வீடுகளில் இரண்டு வேலைக்குப் போய்விட்டு வந்து மூன்றாவது வேலையாய்ச் சமைக்கும் பெண்ணும், இங்கேயும் கலியாணப் பேச்சில் மெல்லிய குரலில் விசாரிக்கப்படும் சாதியும் அதே ஓரத்தில்தான் இருக்கின்றன. தூரத்து நாட்டையும் கிட்டத்துப் பிழைப்பையும் தெளிவாகப் பார்க்கிற எங்கள் கண்ணாடியில், அந்தத் தெளிவுக்கான விலையைக் கொடுப்பவர்கள் பக்கத்தில் நிற்பவர்கள்.

கண்ணாடி ஒன்றைக் கற்றுத்தருகிறது. இதைப் போட்டவருக்குக் கடைக்கண் உதவாது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க விரும்பினால் முகத்தையே அவர் பக்கம் திருப்பியாக வேண்டும். திருக்குறளில் கண்ணோட்டம் என்றொரு அதிகாரம் இருக்கிறது. இன்று அந்தச் சொல்லை நாங்கள் கருத்து நிலை என்ற பொருளில் பத்திரிகைகளில் செலவழிக்கிறோம். வள்ளுவரிடத்தில் அதற்கு இரக்கம் என்று பொருள். பிறர்மேல் கண் ஓடுவதே இரக்கம் என்று ஒரு மொழி நினைத்திருக்கிறது. வயது ஏறிய கண் தானாக ஓடாது. கழுத்தைத் திருப்பித்தான் ஓடவிட வேண்டும்.

எனவே அடுத்த முறை ஒருவர் பழகிவிடும் என்று சொல்லும்போது மூன்று விடயங்களைக் கேட்டுப்பார்க்கலாம். இதற்கு அளவெடுத்தவர் யார், எங்களை நிற்கவைத்து அளந்தாரா? பழகுவதால் தெளிவு கிடைப்பது எங்களுக்கா, வேறொருவருக்கா? சரிவராவிட்டால் கழற்றித் திருப்பிக் கொடுக்க முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாகப் பழகலாம். இரண்டு கிழமை தலை சுற்றினாலும் பொறுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால், எங்களால் பழக முடியவில்லை என்ற அந்த உறுத்தலை நோய் என்று எண்ணி அவசரப்பட்டு ஆற்றிவிடத் தேவையில்லை. எங்கோ அளவு பிழைத்திருக்கிறது என்பதற்கு எங்களிடம் மிஞ்சியிருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.