‘ஹலோ’ என்னும் அழைப்பு

வாழ்த்துச் சொல் ஒவ்வொன்றும் எதையேனும் வேண்டி நிற்கும். ஆங்கிலேயர் விடைபெறும்போது கூறும் ‘குட்பை’, “இறைவன் உம்மோடு இருப்பாராக” என்ற பொருள்கொண்ட பழைய தொடர் தேய்ந்து உருவான சொல். சொல்பவர் அறியாவிடினும் அது ஒரு மன்றாட்டு. ‘குட்மார்னிங்’ நல்ல காலையை விழைகிறது. ஆனால், நாள்தோறும் எண்ணற்ற முறை ஒலிக்கும் ‘ஹலோ’ எதை விழைகிறது? அதில் ஆசியும் இல்லை, வணக்கமும் இல்லை. பொருளற்ற ஒரு சொல்லால் மனிதரை மதிக்க இயலுமா?

இச்சொல் வாழ்த்தாகப் பிறந்ததன்று; கூவலாகப் பிறந்தது. வேட்டைக்காரர் நாய்களை ஏவிய ‘ஹலூ’, தொலைவில் செல்வோரை நிறுத்திய ‘ஹாலோ’ ஆகியவை இதன் உறவினர். அக்கரையில் நிற்கும் படகோட்டியை அழைத்த பழைய ஜெர்மானியக் கூவலோடு இதனை இணைத்துக் காண்போரும் உண்டு. எதிர்பாராத ஒன்றைக் கண்டு, “ஹலோ, இதென்ன?” என்று வியக்கும் வழக்கும் ஆங்கிலேயரிடம் இருந்தது.

கூவலை வாழ்த்தாக நிலைநாட்டியது தொலைபேசி. 1876-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல், கடலோடிகள் கூவும் ‘அஹாய்’ என்பதையே விரும்பினார். எடிசனோ 1877 ஆகஸ்டில் எழுதிய கடிதமொன்றில், ‘ஹலோ’ 10 முதல் 20 அடி தொலைவு வரை கேட்குமாதலால் அழைப்பு மணியே தேவைப்படாது என்றார். இளமை முதலே செவித்திறன் குன்றியிருந்தவர் அவர் என்பது எண்ணத் தக்கது.

முகம் காணாமலே ஒருவரோடு பேசத் தொடங்கும் நிலை அன்று புதிது. அதுவரை எதிரில் நிற்பவரின் உடையையும் வயதையும் நிலையையும் அளந்த பின்னரே மனிதர் வாழ்த்துச் சொல்லைத் தேர்ந்தனர். தொலைபேசியில் அந்த அளவுகோல் பயன்படவில்லை. எடுப்பவர் முதலாளியோ பணியாளரோ, பேராசிரியரோ சிறுமியோ, யார் என்று அறியுமுன்பே வாழ்த்தியாக வேண்டும். நாகரிகம் பேணிய சிலர் இச்சொல்லை முரட்டுக் கூச்சல் என்று இகழ்ந்தனர். ஆயினும், உயர்வு தாழ்வு எதையும் சுமக்காத வெறுமையே இதன் சிறப்பு. பொருள் இல்லாததால் அன்றோ அது எல்லார்க்கும் பொருந்துகிறது!

எனினும், எல்லாரையும் சமமாக அழைக்கும் சொல் எல்லாரையும் சமமாக நடத்திவிடுமா? வரலாறு தரும் விடை கசப்பானது. முதல் உலகப் போரின்போது ஆங்கிலமும் பிரெஞ்சும் அறிந்த தொலைபேசி இயக்குநர்கள் அமெரிக்கப் படைக்குத் தேவைப்பட்டனர். இருநூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் உறுதிமொழி ஏற்று, சீருடை அணிந்து, பிரான்சில் பணியாற்றினர். சிலர் போர்முனைக்கு அருகிலேயே இணைப்புப் பலகைகளின் முன் அமர்ந்து, படைத்தலைவர்களின் கட்டளைகள் உரிய இடம் சேர வழி செய்தனர். மக்கள் அவர்களை ‘ஹலோ பெண்கள்’ என்று அழைத்தனர். போர் முடிந்து திரும்பியவர்களிடம், “நீங்கள் படைவீரர் அல்லர்” என்றது அரசு. பிறர் குரல்களையெல்லாம் இணைத்தவர்களின் குரலுக்கு மறுமுனையில் விடை இல்லை. 1977-இல்தான் சட்டம் அவர்களை முன்னாள் படைவீரர் என ஏற்றது. ஏறத்தாழ 60 ஆண்டுகள்! அதற்குள் அவர்களுள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்.

ஆகவே, ‘ஹலோ’ என்பதை ஒரு வினாவாகவே கொள்ளத் தோன்றுகிறது. “அங்கே இருக்கிறீரா?” என்று அது கேட்கிறது. வினவியவர் விடைக்குக் காத்திருக்கக் கடமைப்பட்டவர். காத்திராமல் கடந்து செல்பவரின் ‘ஹலோ’ பொய்யன்று. ஆனால் முடிவு பெறாதது. இன்று இதே சொல்லை ஏளனமாக இழுத்து, “உமக்கு அறிவில்லையா?” என்ற பொருளிலும் வழங்குகின்றனர். அங்கே வினா இல்லை; தீர்ப்பு மட்டுமே உண்டு.

தொலைபேசியை எடுத்து இச்சொல்லைக் கூறியதும் நாம் எல்லாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துகிறோம். மறுமுனையின் மூச்சொலிக்கும் செவி கொடுக்கிறோம். வாசலில் வந்து நிற்பவரிடமும் அந்த ஒரு கணத்தை நாம் அளிக்கிறோமா?