கூலிக்கு அமர்த்திய உறுதி

உடற்பயிற்சி செய்வதென்று முடிவெடுத்து, ஜிம்முக்குப் பணமும் கட்டி, சில வாரங்களில் விட்டுவிடுவது எங்கும் காணும் வழக்கம். அதே ஆள் தனக்கென்று ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டால் பல மாதம் தாக்குப்பிடிப்பதும் உண்டு. இந்தச் சாதாரண நடப்புக்குள் தத்துவ நூல்கள் நெடுங்காலமாக விவாதித்துவரும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நல்லது எதுவென்று தெரிந்தும் மனிதர் ஏன் அதைச் செய்யாமல் விடுகிறார்? இன்னொருவர் பிடித்து நிறுத்திய உறுதி, அதை எடுத்தவருடைய உறுதிதானா?

பிளேட்டோவின் ‘புரோத்தகோரஸ்’ உரையாடலில் வரும் சாக்ரட்டீஸ் முதல் கேள்வியின் அடிப்படையையே மறுக்கிறார். தெரிந்தே எவரும் கெட்டதைத் தேர்வதில்லை என்பது அவர் வாதம். கிட்டத்தில் உள்ள பொருள் பெரிதாகவும் எட்டத்தில் உள்ளது சிறிதாகவும் கண்ணுக்குப் படுகிறது; அதேபோல் இந்த நேரத்துச் சுகம் பெரிதாகவும் நாளைய நன்மை சிறிதாகவும் படுகின்றன. பிழை கணக்கில்தான், சரியாக அளக்கத் தெரிந்தவர் தவற மாட்டார். அரிஸ்டாட்டிலுக்கு இது கண்ணெதிரே நடப்பதற்கு முரணாகப் பட்டது. ‘நிக்கோமாக்கிய அறவியல்’ ஏழாம் நூலில் அவர் சொல்லும் விளக்கம் வேறு: அறிவு இருக்கத்தான் செய்கிறது, அந்த வேளையில் அது வேலை செய்வதில்லை. குடிபோதையில் இருப்பவர் எம்பிடோக்ளீஸின் செய்யுள்களை ஒப்பிப்பதை அவர் உதாரணம் காட்டுகிறார். சொற்கள் பிசகாமல் வரும். பொருள் உள்ளே இறங்கியிருக்காது.

இரண்டு விளக்கங்களிலும் உண்மை உண்டு. ஆனால் விடிகாலை ஐந்து மணிக்குப் படுக்கையில் நடப்பதை இரண்டுமே முழுதாகப் பிடிக்கவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பவர், தன் தீர்ப்புக்கு எதிராக நடப்பதாக அப்போது உணர்வதில்லை. தீர்ப்பே மாறிவிடுகிறது. இரவு தூங்க நேரமாகிவிட்டது, மழை தூறுகிறது, மாலையில் போனால் போயிற்று என்று நியாயங்கள் வரிசையாக வருகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏற்கத்தக்கதே. தத்துவ ஆசிரியர் ரிச்சர்ட் ஹோல்ட்டன் 1999-இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. தன் தீர்ப்புக்கு மாறாக நடப்பது வேறு, மனவுறுதிக் குறைவு வேறு என்று அவர் பிரிக்கிறார். பின்னால் ஆசை குறுக்கே வரும் என்று தெரிந்தே முன்கூட்டி எடுத்துவைக்கும் ஏற்பாடுதான் உறுதி. அந்த உறுதியைத் தகுந்த காரணமில்லாமல் மறுபரிசீலனைக்கு எடுப்பதுதான் மனவுறுதிக் குறைவு. இந்தப் பிரிவினை சரியென்றால், உடற்பயிற்சி உறுதியைக் கெடுப்பது சோம்பல் என்பதைவிட, முடிந்த விவகாரத்தை நாள்தோறும் புதிதாக விசாரிக்கும் பழக்கம் என்பதே பொருந்தும்.

பணம் கட்டிவிட்டால் இந்த விசாரணை நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள் மூன்று அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு அப்படிச் சொல்லவில்லை. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தலா 10 டாலரில் முடிந்திருக்கும். கட்டிய பணம் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

பயிற்சியாளர் கேட்பார். அவருடைய முதல் பயன் ஊக்க வார்த்தைகளில் இல்லை. ஊக்கம் காணொளிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. மறுபரிசீலனை செய்யும் அதிகாரத்தைப் படுக்கையிலிருந்து எடுத்து அவரிடம் ஒப்படைக்க முடிவதுதான் பயன். இன்று வரவில்லை என்றால் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மனத்துக்குள் வலுவாக இருந்த நியாயம் போனில் சொல்லும்போது மெலிந்துபோவது பலருக்கும் தெரிந்த அனுபவம். திட்டத்தை மாற்றவே கூடாதென்பதில்லை. மாதம் ஒருமுறை, எடையும் தூக்கிய அளவும் நடந்த தூரமும் குறித்த நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு மாற்றலாம். சாக்ரட்டீஸ் கேட்ட அளக்கும் கலைக்கு அப்போதுதான் இடம் கிடைக்கிறது.

அளவு சொல்வதும் பயிற்சியாளரின் வேலையே. நடுநிலை என்பது எல்லாருக்கும் ஒன்றல்ல என்று காட்ட அரிஸ்டாட்டில் எடுத்துக்கொள்வது உடற்பயிற்சி ஆசிரியரைத்தான். பத்து மினா எடையுள்ள உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதால் ஆசிரியர் எல்லாருக்கும் ஆறு மினா விதிப்பதில்லை. குரோட்டன் நகரத்து மல்லன் மைலோவுக்கு ஆறு போதாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அது மிஞ்சிப்போகும். முதல் வாரத்திலேயே மிஞ்சிப்போன அளவால் நொந்து நின்றுவிடுபவர்களை உறுதியில்லாதவர்கள் என்று ஏசுவது அநியாயம். அவர்களுடைய உறுதியில் குறையில்லை, அளவில்தான் குறை. ஒலிம்பிக் வெற்றியை விரும்புபவர் முதலில் அதன் முன்பின் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கட்டும் என்று ஸ்டோயிக் தத்துவ ஆசிரியர் எபிக்டெட்டஸ் அறிவுறுத்தியதும் இதையொட்டியதே. விதித்த உணவு, இனிப்பை விலக்குதல், வெயிலிலும் குளிரிலும் குறித்த நேரத்துப் பயிற்சி, வைத்தியரிடம் ஒப்படைப்பதுபோல் ஆசிரியரிடம் தன்னை ஒப்படைத்தல் எல்லாம் அவர் பட்டியலில் உண்டு.

உறுதியைப் பிறர் முன்னிலையில் எடுப்பது சமய மரபுகளுக்குப் பழகிய ஒன்று. சமணர் குறிப்பிட்ட காலத்துக்கு ஓர் உணவையோ செயலையோ விலக்கும் பிரத்தியாக்கியானத்தைத் துறவியர் முன் ஏற்பதுண்டு. சபரிமலைக்கு மாலை போடுபவர் குருசாமியின் கையால் போட்டுக்கொண்டு 41 நாள் விரதம் இருக்கிறார். வருடம் முழுவதும் குடியை விட முடியாதவர்கள்கூட அந்த நாட்களில் விட்டுவிடுகிறார்கள். மாலையைப் பார்த்த வீடும் தெருவும் அவரைச் ‘சாமி’ என்றே அழைப்பதால், விசாரணையை மீண்டும் தொடங்க அவருக்கு வாய்ப்பே குறைவு. ஆனால் விரதத்துக்கு ஒரு கடைசி நாள் இருக்கிறது. உடல்நலத்துக்கு அது கிடையாது. மாலை கழற்றிய மறுநாளே பழைய வழக்கத்துக்குத் திரும்புபவர்கள் இந்த வேறுபாட்டுக்குச் சாட்சி.

இன்னொருவர் பிடித்து நிறுத்தும் உறுதி நம்முடையதுதானா என்ற இரண்டாம் கேள்வியைக் கடுமையாக எழுப்பக்கூடியவர் ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் கான்ட். அறிவொளி பற்றிய 1784-ஆம் ஆண்டுக் கட்டுரையில், தானே வரவழைத்துக்கொண்ட சிறுபிள்ளைத்தனத்துக்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, தனக்கான உணவுமுறையை மருத்துவர் தீர்மானிக்கும்படி விட்டுவிடுவது. அப்படிப் பார்த்தால் பயிற்சியாளரை அமர்த்துவதும் அந்த ரகம்தான். ஆனால் கான்ட்டின் சொந்த வீட்டில் வேறு ஏற்பாடு இருந்தது. முன்னாள் சிப்பாயான வேலைக்காரர் மார்ட்டின் லாம்பே காலை ஐந்து மணிக்குச் சற்று முன் அவரை எழுப்பிவிட வேண்டும்; இன்னும் கொஞ்சம் தூங்குகிறேன் என்று எசமானரே கெஞ்சினாலும் விடக்கூடாது என்று உத்தரவு. இதில் முரண் இல்லை. எழும் நேரத்தைத் தீர்மானித்தது கான்ட். லாம்பே காத்தது கான்ட்டின் தீர்மானத்தை. ஏன் இந்தப் பயிற்சி, ஏன் இவ்வளவு என்று கேட்டு விடை பெறுபவரும், வேண்டாமென்றால் நிறுத்தக்கூடியவரும் தம் சுதந்திரத்தை இழப்பதில்லை. பயிற்சியாளர் நீட்டும் புரதப் பொடி டப்பாவைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு போகிறவரைத்தான் கான்ட்டின் கண்டனம் தாக்கும்.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. கிரேக்கக் காவியத்தில், மயக்கும் பாட்டுக்கு இரையாகாமல் இருக்கப் பாய்மரத்தில் தன்னைக் கட்டச் சொன்ன ஒடிசியஸின் மாலுமிகள் காதில் மெழுகு அடைத்திருந்தார்கள். அவர் என்ன கத்தினாலும் அவர்களுக்குக் கேட்காது. மெழுகு அடைத்த பயிற்சியாளர் ஆபத்தானவர். முழங்கால் உண்மையாகவே வலிக்கும் நாளில் திட்டத்தை மாற்றுவது தளர்ச்சி ஆகாது. வலியையும் சாக்கையும் பிரித்தறிவதற்கு உடலைப் பற்றிய படிப்பு வேண்டும். விசில் மட்டும் போதாது.

தன்னடக்கம் உடையவரையும் மிதமான இயல்புடையவரையும் அரிஸ்டாட்டில் வேறுபடுத்துகிறார். முன்னவர் ஆசையோடு போராடி வெல்கிறார், பின்னவருக்குப் போராட்டமே இல்லை. பயிற்சியாளரால் முதல் நிலைவரை கொண்டுவிட முடியும். இரண்டாவது பழக்கத்தால் சிலருக்கு வரும்; ஓடாத நாளில் ஏதோ குறைந்ததுபோல் இருக்கும். அந்த நிலையை எட்டியவருக்குத் தினமும் ஆள் தேவையில்லை, அளவு சரிபார்க்க எப்போதாவது போய்வந்தால் போதும். மாதக் கட்டணத்தில் பிழைக்கும் தொழிலுக்கு இதைச் சொல்வதில் ஆதாயம் இல்லை என்பதால், சந்திப்புகளைக் குறைக்கும் பேச்சைப் பெரும்பாலும் மாணவர்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கடைசிவரை போராட்டத்திலேயே இருப்பவர்களும் உண்டு. அறத்தின் தரவரிசையில் அரிஸ்டாட்டில் அவர்களை ஒரு படி கீழே வைப்பார்; இருதயத்துக்கும் தசைக்கும் அந்த வரிசை தெரியாது.