விதியை மீறுவதும் வளைப்பதும்

திருக்கோஷ்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரத்தைப் பெற இராமானுசர் பதினெட்டு முறை சென்றதாக வைணவ மரபு சொல்கிறது. யாருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளையை மீறி, கோயிலில் உயர ஏறி நின்று ஊரார் அனைவருக்கும் அதை அறிவித்தார். அதற்காகத் தனக்கு நரகம் கிடைத்தாலும் ஏற்பதாகச் சொன்னார். கோபித்த நம்பியே பின்பு அவரை ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார்.

ஒரு மீறலை எதைக் கொண்டு அளப்பது? பயன் யாருக்கு, தண்டனை யாருக்கு என்ற இரண்டைக் கொண்டுதான். இராமானுசரின் மீறலில் பயன் ஊராருக்கு, தண்டனை அவருக்கு.

கால்பந்தில் இந்த அளவுகோல் தலைகீழாக நிற்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு இழக்கலாம் என்ற விதி 2025-26 பருவம் வரை இருந்தது. செல்சி தன் இரு ஹோட்டல்களைத் தன் உரிமையாளர் குழுமத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றுக் கணக்கைச் சரிக்கட்டியது. பயன் கிளப்புக்கு மட்டுமே.

தண்டனையோ எளியவர் மேல் விரைவாக இறங்குகிறது. இந்த இழப்பு வரம்பை மீறிய எவர்ட்டன் கிளப்புக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் பறிபோயின. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. பணபலம் மிக்க மான்செஸ்டர் சிட்டிக்கோ 2020இல் ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனம் விதித்த ஈராண்டுத் தடையை விளையாட்டு நடுவர் மன்றம் ஐந்தே மாதங்களில் நீக்கியது.

ஆகவே விதிகள் கட்டுப்படுத்துகின்றன, ஆனால் நடுத்தர அணிகளையே அதிகம். வீரர் செலவு வருவாயில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்னும் ஐரோப்பிய விதியும் வருவாய் பெருத்த கிளப்புக்கே பெரிய வரம்பைத் தருகிறது. இந்தியன் சூப்பர் லீக், சில விலக்குகளோடு, சென்னையின் அணிக்கும் மோகன் பகானுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பை வைத்தது. ஐரோப்பாவும் அந்த வழியில் யோசிக்க வேண்டும்.